கிணற்றின் மற்ற அரைப்பங்கு

இன்று காலை நாயுண்ணி முட்செடி வெட்டினேன். அடியோடு கிளப்பிவிட்டோம் என்று நாங்கள் நினைத்த பற்றை, மாரி மழையைக் குடித்துவிட்டுக் கிணற்றுக் கட்டைச் சுற்றி மறுபடி தளிர்த்திருக்கிறது. வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கையை விட்டு அந்த வாடை போகவில்லை. பற்றை வெட்டத் தொடங்கிய முதல் நாள், நீ ஒரு இலையைக் கசக்கி மூக்கில் வைத்துவிட்டு, "ரீச்சர், உது மணமோ நாத்தமோ?" என்று கேட்டாய். எனக்கு எரிச்சல் வந்தது. சிரமதானத்துக்கென்று கூலியில்லாமல் வந்த பெண்கள் கத்தியோடு காத்து நிற்கிறார்கள், வெயில் ஏறுகிறது, இவள் இலையை மணந்துகொண்டு நிற்கிறாளே என்று. இன்று நானே கையை மூக்கில் வைத்துப் பார்த்தேன். இரண்டும்தான். பதில் சொல்ல ஒரு வருடம் எடுத்திருக்கிறேன், கோபிக்காதே.

நீ கடற்கரைக்காரி. வாசலில் வள்ளத்தை இழுத்துப் போட்டிருக்கும் வடகரை ஊரில் பிறந்து, கலியாணம் கட்டி எங்கள் செம்மண்ணுக்கு வந்தாய். இருபது வருடம் என் எதிர்வீட்டில் இருந்தும் உனக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. எனக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியும், ஆனால் கேள்வி கேட்டால் பொறுமை இல்லை. பள்ளிக்கூடத்தில் இத்தனை வருடமாக "கேள்வி இருந்தால் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு, மணி எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்த ஆள் நான். ஓய்வு பெற்ற பிறகு இனி ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். நீ விட்டாயா?

அந்தக் காணியை உனக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. ஆனாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. பத்துப் பரப்பு, அரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். சண்டைக் காலத்தில் ஊர் இடம்பெயர்ந்தபோது கைவிடப்பட்டது. நாங்கள் திரும்பி வந்து, கண்ணிவெடி பார்க்கிறவர்களும் வந்து பார்த்து, பயமில்லை என்று சொல்லிப் போன பிறகும், நாயுண்ணியும் இப்பிலிப்பில் செடியும் ஆளுயரத்துக்கு நின்றன. காணிக்காரர் கனடாவில் இருக்கிறார். தோட்டம் செய்ய நிலமில்லாத பன்னிரண்டு குடும்பங்களுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கலாமா என்று நம் மாதர் சங்கம் கேட்டபோது, குத்தகையே வேண்டாம் என்றார். ஒரேயொரு நிபந்தனை. வருகிற தைப்பொங்கலுக்குள், கோடைக்கும் தண்ணீர் உள்ள தோட்டமாக்கிக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் அதை வீடு கட்ட வாங்குவதற்கு ஆள் தயாராக நிற்கிறது.

பன்னிரண்டாவது துண்டு உன்னுடையது. மேற்கு வேலியோரம் நீயே கேட்டு எடுத்தாய். என்ன போடப்போகிறாய் என்று கேட்டதற்குக் கச்சான் கடலை என்றாய். "பூ மேலை பூக்க, காய் மண்ணுக்குக் கீழை காய்க்குமாம். அதெப்பிடி ரீச்சர்? எனக்கு ஒருக்காப் பாக்கவேணும்." சந்தைக்கு விற்கவும் இல்லை, தின்னவும் இல்லை, பார்க்கவாம்!

பற்றையைக் கிளப்பும் பெக்கோ இயந்திரம் பிடிக்க எங்களுக்கு வசதி இல்லை. நான் ஒரு பெரிய யோசனை சொன்னேன்: அச்சுவேலியில் என் தங்கையின் ஆடுகளைக் கொண்டுவந்து விட்டால் பற்றையை மேய்ந்து முடித்துவிடும். ஆடுகள் வந்தன. இப்பிலிப்பிலை மொட்டையடித்தன, பூவரசங்குழை எட்டிய மட்டும் தின்றன, போகிற வழியில் என் வீட்டுக் கத்தரிக் கன்றையும் ஒரு கை பார்த்தன. நாயுண்ணியை மட்டும் மூக்கால்கூடத் தொடவில்லை. "ஆடு ஏன் உதைத் தின்னேல்லை?" என்று நீ கேட்டாய். "ஆட்டிட்டைப் போய்க் கேள்" என்றேன். நீ உண்மையாகவே ஆட்டுக்கு முன்னால் குந்தியிருந்து, ஒவ்வொரு இலையாகக் காட்டி, அது வாயைத் திருப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எல்லாரும் சிரித்தார்கள். ஆடுகளைக் கொண்டுவந்த எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பிறகு கையால்தான் வெட்டினோம். வெட்டிய கொப்புகளை அள்ளிக் கொண்டுபோவதுதான் பெரும்பாடு. முள் கீறி எல்லாருடைய கையும் பழுதாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ உன் தமையனிடமிருந்து ஒரு பழைய மீன்வலையைச் சுமந்து வந்தாய். வலையை விரித்து, கொப்புகளைத் தடியால் தள்ளி அதன்மேல் குவித்து, இந்தப் பக்கம் நாலு பேர் அந்தப் பக்கம் நாலு பேராக இழுத்தால் முள் ஒருவரையும் தொடவில்லை. "இண்டைக்கு நான்தான் சம்மாட்டி, வலை முதலாளி. ரீச்சர், நீங்கள் கூலிக்கு வலை இழுக்கிற ஆள்" என்று என்னையும் கயிற்றைப் பிடிக்க வைத்தாய். அன்று ஒரே நாளில் மூன்று பரப்பு வெளித்தது.

வெளித்த நிலத்தில் கிணறு இல்லை. கனடாக்காரர் தொலைபேசியில் காணி உறுதிப் பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அதில் 'கிணற்றில் அரைப்பங்கும் வழி வாய்க்காற் பாத்தியதையும்' என்று தெளிவாக இருந்தது. சின்ன வயதிலேயே போனவர், இடம் நினைவில்லை என்றார். கிணறு என்றால் வடகிழக்கு மூலை. எங்கள் ஊரில் அதை யாரும் இரண்டாம் தரம் யோசிப்பதில்லை. அந்த மூலையை ஆனி, ஆடி முழுக்க அலவாங்கால் கிண்டினோம். ஒற்றைச் செருப்பும், ஓட்டை வாளி ஒன்றும், மிச்சமெல்லாம் சுண்ணாம்புக் கல்லும் வந்தன. தூர்ந்துபோயிருக்கும், இன்னும் தோண்டுவோம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

உறுதியை நான் வாசித்துக் காட்டிய அன்றே நீ கேட்டாய்.

"அரைப்பங்கெண்டால், மற்ற அரைவாசி ஆரின்ரை?"

"உது உறுதி எழுதுற முறை. எல்லா உறுதியிலையும் அப்பிடித்தான் இருக்கும்."

"எழுதுற முறையெண்டாலும் சும்மா எழுதுவினமே?"

நான் படத்தை மூடி வைத்துவிட்டு அடுத்த வேலையைச் சொன்னேன்.

ஆவணி வெயிலில் இன்னொரு நாள். எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறோம். நீ மேற்கு வேலியையே பார்த்துக்கொண்டிருந்தாய். "உந்தப் புறா எங்கை போகுது?" என்றாய். "வேலிக்கைதான் கூடு கட்டியிருக்கும்." "போய்ப் பாப்பமே?" "வேலியிலை கை வைக்கிறேல்லை எண்டு எத்தினை தரம் சொன்னனான்!" என்று சத்தம் போட்டேன். அங்கே வேலி என்று ஒரு கோடு இருக்கவில்லை. வேலிக்கு நட்ட கிளுவைக் கதியால்களெல்லாம் மரமாகி, ஒரு வண்டில் அகலத்துக்குப் பற்றை. ஆனால் அது வேலி. ஒரு கதியால் அரை அடி நகர்ந்ததற்கு அண்ணனும் தம்பியும் சாகும்வரை வழக்காடிய ஊர் இது. அந்தப் பக்கத்து வளவு தம்பையா அண்ணையுடையது. ஊருக்குள் ஒருவரோடும் பகை இல்லாத மனிதர். பகை வரக்கூடாது என்றுதான் அவரோடு வேலியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. உனக்கு இது விளங்கவே இல்லை. "எங்கடை பக்கத்திலை வேலி காத்துக்குப் பறந்து போகும். பிறகு ரெண்டு வீட்டாருமாய்ப் போய்த் தேடி எடுத்துக்கொண்டு வருவம்" என்று சொல்லிச் சிரித்தாய்.

புரட்டாதியில் உனக்கு நெஞ்சு நோவு வந்தது. மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மெலிந்த கையை நீட்டி என் கையைப் பிடித்தாய். பிள்ளைகளைப் பற்றிச் சொல்லப்போகிறாய் என்று நினைத்தேன்.

"ரீச்சர், புறா பிறகும் வருதோ?"

"முதல் நீ எழும்பி வா. புறா ஒரு இடமும் போகாது."

"போகாதெல்லே? அதுதான் நானும் யோசிக்கிறன். கோடை முழுக்க ஒரு இடத்தை விட்டுப் போகேல்லை எண்டால்..."

"கதைக்காதை. மூச்சு வாங்குது உனக்கு."

அந்த வசனத்தை நான் முடிக்க விடவில்லை. மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். உன்மேல் இருந்த அன்பில்தான் உன் வாயை மூடினேன் என்று பல நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். பாதி உண்மை. மற்றப் பாதி, எனக்குப் பழகிப்போன பொறுமையின்மை. அதை உன்னிடம் ஒளிக்க முடியாது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அடுத்த நாள் உன் மனுசன் வலையை மடித்துக்கொண்டு வந்தார். "தோட்டத்துக்குக் குடுக்கச் சொன்னவ" என்று என் கையில் வைத்துவிட்டுப் போனார். வலையைத் தூக்கிக்கொண்டு தனியாகக் காணிக்குப் போனேன். நடு மத்தியானம். உன் துண்டில் வலையைப் போட்டு அதன்மேல் இருந்து அழுதேன். அழுது ஓய்ந்தபோது காணி முழுக்கச் சத்தமில்லை. சிரமதான நாளில் அப்படி ஒரு அமைதி எங்களுக்குக் கிடைத்ததே இல்லை. அப்போது புறா குமுறியது. மரத்தில் இருக்கும் புறாவின் சத்தம் தலைக்கு மேலிருந்துதான் வரவேண்டும். இது வேலிப் பற்றைக்குள், காலடிக்குக் கீழிருந்து வந்தது, வெறும் பானைக்குள் யாரோ கதைப்பதுபோல.

எழும்பி நின்றேன். அரைப்பங்கு. மற்ற அரைவாசி யாருடையது?

நேரே தம்பையா அண்ணை வீட்டுக்குப் போனேன். வாசல் படலையில் நின்று, வாழ்க்கையில் முதல் தரமாக வேலியைப் பற்றி வாய் திறந்தேன். "அண்ணை, வேலிக்கை ஒரு கிணறு இருக்கோ?"

"ஓம், இருக்கு. அந்தக் காலத்திலை ரெண்டும் ஒரே வளவு. சகோதரியள் ரெண்டு பேருக்கும் சீதனமாப் பிரிக்கேக்கை கிணத்துக்கு நடுவாலைதான் வேலி போட்டது. அந்தப் பக்கம் அரை, இந்தப் பக்கம் அரை. இப்ப எனக்குக் குழாய்க்கிணறு இருக்கிறபடியாலை நான் உந்தப் பக்கமே போறேல்லை."

"பிறகேன் அண்ணை இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"ஆர் கேட்டது? மூலையை ஏன் கிண்டுறியள் எண்டு நானும் யோசிச்சனான். வந்து கேட்டால், வேலிக் கதைக்கு வாறன் எண்டு நினைப்பியள் எண்டு பேசாமல் இருந்திட்டன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஒரு கோடை முழுக்க நாங்கள் இந்தப் பக்கம் கல்லைக் குத்துகிறோம், அவர் அந்தப் பக்கம் நின்று பார்க்கிறார், இரண்டு பேரும் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு! உன்னைத் தவிர வேறு யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு அவரே கத்தி கொண்டுவந்து முதல் கதியாலை வெட்டினார். உன் வலையில்தான் கொப்புகளை இழுத்தோம். கடைசிப் பற்றை விலகியபோது ஏழெட்டு மாடப்புறாக்கள் படபடவென்று எங்கள் முகத்துக்கு நேரே எழும்பின. எட்டிப் பார்த்தோம். கட்டுக் கற்கள் அசையாமல் இருந்தன. கீழே தண்ணீர் கறுப்பாக மின்னியது. "அவள் கேட்டவள்" என்று நான்தான் சொன்னேன்.

ஐப்பசி மழைக்குள் தூர் வாரினோம். நீர்வேலியிலிருந்து வாழைக்குட்டிகள் வந்தன. மார்கழியில் வெங்காயம் தாள் விட்டு நிற்கும் படத்தைக் கனடாவுக்கு அனுப்பினோம். காணி தோட்டத்துக்குத்தான் என்று பொங்கலன்று பதில் வந்தது. பன்னிரண்டாவது துண்டை இப்போது நான் பார்க்கிறேன். கச்சான் பூத்தது. ஒவ்வொரு நாளும் குனிந்து பார்த்தேன். பூ வாடினதும் அதன் அடியிலிருந்து ஊசிபோல ஒன்று புறப்பட்டு, வளைந்து, மண்ணைத் தேடி உள்ளே இறங்குகிறது. அப்படித்தானடி கீழே காய்ப்பது. ஆனால் மண் இருக்கிற இடம் அதற்கு எப்படித் தெரிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. யாரிடமாவது கேட்கவேண்டும்.

பிள்ளைகள் விழுந்துவிடாதபடி கிணற்று வாய்க்கு உன் வலையை இழுத்துக் கட்டியிருக்கிறோம். இன்று காலை நான் நாயுண்ணி வெட்டிக்கொண்டிருக்க, பக்கத்துத் துண்டுக்காரி ராணி வந்து வலையைச் சுற்றிப் பார்த்தாள்.

"ரீச்சர், அந்த ஓரத்திலை ஒரு சாண் கட்டாமல் கிடக்கு. ஏன் விட்டனீங்கள்?"

கத்தியைக் கீழே வைத்தேன். எனக்கு அவசரம் இல்லை. அவளைக் கிணற்றுக் கட்டின் மேல் என் பக்கத்தில் இருத்தி, புறா வரும்வரை இரண்டு பேருமாகக் காத்திருந்தோம்.