மிச்சம்

என்னங்க,

நீங்கள் வரும்போது நான் இருக்கமாட்டேன். டாக்டரம்மா வீட்டில் துணி தேய்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். சோறு பானையில் இருக்கிறது. கருவாட்டுக் குழம்பைச் சூடு பண்ணியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள், மண்ணெண்ணெய் விலை ஏறிவிட்டது.

“ரெண்டு ஆளு சோறு எதுக்குப் பொங்குற? வெலவாசி தெரியலையா?” என்று போன சனிக்கிழமை கத்தினீர்கள். பஸ் காசை மிச்சம் பிடிக்கத்தான் நீங்கள் வேலை பார்க்கும் செம்பவாங்கிலேயே வாரம் முழுக்கத் தங்கிவிட்டீர்கள். அது எனக்குத் தெரியும், என் கைக்குத்தான் இன்னும் தெரியவில்லை. தினமும் இரண்டு பேருக்கு அரிசி அள்ளிவிடுகிறது.

நான் வருவதற்குள் கிளம்பினால் சாவியைப் பக்கத்து அறை ஜரீனா அக்காவிடம் கொடுங்கள்.

முத்தாயி

எழுத விட்டுப்போனது: பஸ் காசு மிச்சம்தான். சோறும் மிச்சம். நானும் மிச்சம்.