செவ்வாயைப் பாருங்க என்றார்கள்

இன்று காலை திருவானைக்காவலில் பஸ்ஸுக்கு நின்றபோது கைபேசியில் ஒரு படம் வந்தது. செவ்வாயைச் சுற்றிவரும் விண்கலம் எடுத்தது. வறண்ட ஆற்றுத்தடம், விசிறியாகப் பிரியும் அதன் முகத்துவாரம். பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்து, "அங்கயும் ஆறு ஓடிச்சாங்க?" என்று வியந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

கல்லூரியில் நாம் இருவரும் நிலவியல் நடத்திய காலத்தில், இப்படிப்பட்ட படங்களைத் திரையில் ஓடவிட்டுத்தான் மதியம் சாப்பிடுவோம். ஒருமுறை நான் குன்று என்றதை நீ தலைகீழாகத் திருப்பினாய். குன்று பள்ளமாகிவிட்டது. "வெயில் எந்தப் பக்கத்துலேருந்து விழுதுன்னு முதல்ல பாருடி. இல்லேன்னா கண்ணு ஏமாத்திடும்" என்றபடி என் டப்பாவிலிருந்த வடகத்தை எடுத்துக்கொண்டாய்.

கொள்ளிடத்தின் செயற்கைக்கோள் படத்தோடு அந்த அதிகாரியிடம் நாம் போனது நினைவிருக்கிறதா? படித்துறைக்கு எதிரே மணல் அள்ளிய குழிகள். "மணல் மேடுங்க இது" என்றார் அவர். நீ படத்தைத் திருப்பி வைத்தாய்.

"இப்பப் பாருங்க சார். மேடு இல்ல, பள்ளம். தண்ணி வந்தா வெளிய தெரியாது. ஆடிப்பெருக்குக்கு ஜனங்க இறங்குவாங்க."

அவர் சிரித்தார். "மேடம், நீங்க செவ்வாயைப் பாருங்க. கொள்ளிடத்தை நாங்க பாத்துக்கிறோம்."

பார்த்துக்கொண்ட லட்சணம்! தாலிக்கயிறு மாற்ற வந்த புதுப்பெண் ஒருத்தி அந்தக் குழிக்குள்தான் நழுவினாள். கரையில் நின்று "அங்க போகாதீங்க" என்று கத்திக்கொண்டிருந்த நீ பாய்ந்தாய். அவளைக் கரைப்பக்கம் தள்ளினாய், நின்றவர்கள் இழுத்துக்கொண்டார்கள். சரிந்த மணல் உன்னை விடவில்லை.

மறுநாள் பேப்பரில் ஒரே வரி: ஆழம் தெரியாமல் இறங்கிய பேராசிரியை பலி.

ஆழம் தெரியாமலா? உனக்கா? பத்திரிகை அலுவலகத்துக்கே போய்க் கத்தினேன். "விடுங்க மேடம், போனவங்க திரும்பியா வரப்போறாங்க?" என்றார்கள். உன் மீதும் கோபம்தான். தெரிந்தே ஏன்டி இறங்கினாய்? வேறு வழி இல்லை என்பது புரிகிறது. புரிந்தும் ஆறவில்லை.

போன வருடம் குழிகளைச் சுற்றி மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டினேன். யாரோ பிடுங்கி எறிந்தார்கள். மறுபடி நட்டேன். அதே அதிகாரி வந்து, "பர்மிஷன் வாங்கினீங்களா?" என்றார்.

"குழி தோண்டினவன் வாங்கினானா சார்?"

எனக்கு இப்படியெல்லாம் பேச வராது, நீதான் பேசுவாய். இப்போது வருகிறது.

இந்த ஆடிக்கும் மூங்கில் வாங்கியாயிற்று. பிடுங்கட்டும், பார்க்கலாம்.