கீழ்வீட்டுக்காரர்கள் எனக்கு வைத்த பெயர்

செவ்வாய், 4 நவம்பர் 2003. நோன்பு 9

காலையிலிருந்து மழை. ஹீட்டர் மறுபடி இல்லை. கஞ்சிக்கு அரிசி ஊறப்போட்டாயிற்று. வெந்தயம் வாங்க வேண்டும்.

மதியம் லுஹர் தொழுது எழுந்ததும் கதவு தட்டும் சத்தம். ஹீட்டர் புகாருக்கு வந்த சிட்டி ஹவுசிங் இன்ஸ்பெக்டர். வயதானவர், மரியாதையான பேச்சு. கிளம்பும்போது, "கீழே பேஸ்மென்டில் எத்தனை பேர்?" என்றார்.

"எட்டு." கீழே மார்த்தா வீட்டுக்குத் தினமும் எட்டுக் கிண்ணம் கஞ்சி கொடுக்கிறேனே, கணக்குத் தப்புமா? கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். எழுதிக்கொண்டார்.

புதன், 5. நோன்பு 10

தெருக்கதவில் மஞ்சள் நோட்டீஸ். அகராதியோடு மூன்று முறை படித்தேன். பேஸ்மென்டில் இத்தனை பேர் குடியிருக்கக் கூடாதாம். வெள்ளிக்கிழமை மறுபடி வந்து பார்ப்பார்களாம். இருந்தால் எல்லோரும் காலி செய்ய வேண்டும். யா அல்லாஹ், என் வாயால் வந்தது.

படியில் மார்த்தாவின் தம்பி. வழி விடவில்லை. "சாப்பா" என்றான். அவ்வளவுதான். லைப்ரரி ஸ்பானிஷ் புத்தகத்தில் சாப்போ என்றால் தேரை. பெண் என்றால் சாப்பாவாம். தேரை என்று ஏன்?

அஸர் தொழுகையில் ரக்அத் எண்ணிக்கை மறந்துவிட்டது.

வியாழன், 6. நோன்பு 11

காய்கறிக் கடை லூப்பேயிடம் கேட்டேன். மெக்சிகோக்காரி. "தேரைதான். குண்டா இருந்தாலும் சொல்வாங்க. உன்னையா? கண்ணு சரியில்லாதவன்." சிரித்தாள். தெருமுனை வரை மனசு லேசு.

மச்சான் தன் ஆபீசில் அந்த வார்த்தையை விசாரித்து வந்து சொன்னதைக் குறித்துக்கொண்டேன்.

மெக்சிகோ: தேரை.
சிலி: அடுத்த வீட்டை எட்டிப் பார்ப்பவர்.
கொலம்பியா: காட்டிக்கொடுப்பவர். அங்கே அந்தப் பெயர் விழுந்தால் ஊரை விட்டே ஓட வேண்டுமாம்.

மார்த்தா வீட்டார் கொலம்பியா.

"உன்னை யாரு கணக்குக் கேட்டா? தெரியாதுன்னு சொன்னா என்ன? உன்னைக் கட்டிக் கூட்டிட்டு வந்த என் விசா ரினியூவலுக்குப் போயிருக்கு. இப்ப எந்த பேப்பர்லயும் நம்ம பேர் வரக் கூடாது, புரியுதா?" மச்சான் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

சாயங்காலம் மஃரிபுக்குப் பிறகு மார்த்தா வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தெரிந்த இங்கிலீஷில்: "பிள்ளைங்க ரெண்டும் இங்க ஸ்கூல்ல. இந்தக் குளிர்ல எங்க போறது? நாளைக்கு இன்ஸ்பெக்டர் கேட்டா என்ன சொல்வே?"

நோன்பு வைத்துக்கொண்டு பொய் சொல்லக் கூடாது என்பதை இங்கிலீஷில் கோர்த்துச் சொல்ல வரவில்லை.

போகும்போது, "என் தம்பி கோபக்காரன்" என்றாள். மிரட்டினாளா, எச்சரித்தாளா? தெரியவில்லை. யாசீன் ஓதினேன். மனம் நிற்கவில்லை.

வெள்ளி, 7. நோன்பு 12

வெயில். விடிந்ததுமே மார்த்தா வீட்டார் கீழேயிருந்து கூடுதல் மெத்தைகளை வேனில் ஏற்றினார்கள். பிறகு சத்தமே இல்லை.

மச்சான் வேலைக்குப் போய்விட்டார். இரண்டு மணிக்கு அதே இன்ஸ்பெக்டர். முதலில் கீழே போனார், பிறகு மேலே வந்தார். அதே கேள்வி.

"மூணு பேர்."

தாளைப் புரட்டினார். "செவ்வாய்க்கிழமை எட்டு என்றீர்களே, மேடம்?"

"அது விருந்தாளிங்க." இரண்டாவது பொய். அல்லாஹ் மன்னிக்க வேண்டும். படிக்குக் கீழே மார்த்தாவின் தம்பியின் ஷூ மட்டும் தெரிந்தது. அசையவில்லை.

இன்ஸ்பெக்டர் பழைய தாளை மடித்து வைத்தார். புதுத் தாள் ஒன்றை எடுத்தார். என் பெயர் கேட்டார். எழுத்துக் கூட்டிச் சொன்னேன். மச்சான் பெயரும் வேண்டும் என்றார்.