இடது காதில் மிச்சம்

2007 ஒக்டோபர் 15, திங்கள்

மழை. மடுல்சீமை பஸ் இன்றும் பாதி வழிதான். மிச்சம் நடை. செருப்பெல்லாம் சேறு.

வெள்ளிக்கிழமை கொழும்பு போய்வந்ததை எழுத இப்போதுதான் நேரம். வீட்டுக்காரர் லொறிக்கு லீவு போட்டுக் கூட வந்தார். வழியில் செக்பாயின்ட். சிப்பாய் கூப்பிட்டது கேட்காமல் நடந்துகொண்டே இருந்திருக்கிறேன். இவர் ஓடிவந்து கையைப் பிடித்து நிறுத்தினார். 

காது டொக்டர் நல்ல மனிதர். நான் உதட்டைப் பார்த்துப் படிப்பேன் என்று தெரிந்தும் தாளில் எழுதித்தான் பேசினார்.

– வலது காது: மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு உள்ளே எலும்பு வளர்ந்து அடைத்துவிட்டது. காதுக்குள் வைக்கும் மிஷினின் கம்பி போகாது.
– இடது: போகும். மிஷின் வைத்தால், பழகப் பழகப் பேச்சு விளங்கும். மகள் பேசுவதும்.
– ஆனால் இடதில் இப்போது மிச்சமிருக்கும் கனத்த சத்தம் பெரும்பாலும் போய்விடும். மிஷினில் கேட்பது வேறு மாதிரிச் சத்தம்.

மிச்சம் என்ன பெரிய மிச்சம்? இடி. லொறி. தப்பு மேளம். இவருடைய குரல். அவ்வளவுதான். மகள் குரல் எட்டவே எட்டாது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவளுக்கு ஒரு வயது, இப்போது ஏழு. என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். சேலையைப் பிடித்து இழுக்கிறாள்.

மிச்சத்தைக் காப்பாற்ற வழியே இல்லையா என்று கேட்டேன். டொக்டர் எழுதியது: ஆபரேஷன் நேரத்தில் உள்காதைச் சில பாகை மட்டும் குளிர வைத்தால் கேட்கும் சக்தி தப்புகிறதாம். வெளிநாட்டில், மிருகங்களில் பார்த்திருக்கிறார்கள். இங்கே கிடையாது.

கிடையாது என்றால் ஏன் சொன்னார்? கோபம் கோபமாக வருகிறது.

17, புதன்

குளிராம்! அத்தை, அதாவது இவருடைய அம்மா, தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது காதில் பஞ்சு, அதற்கு மேல் துண்டுக் கட்டு. இந்த லயத்து வரிசை வீடுகளில் ஒருவர் பாக்கியில்லாமல் அப்படித்தான். குளிர் காதைக் காக்கும் என்று சொன்னால் என்னை மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள்.

செய்ய வேண்டியது: மூன்றாம் வகுப்புக் கொப்பி திருத்தம். மகளுக்குப் பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்து. பள்ளி அதிபருக்கு லீவுக் கடிதம். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் ஒப்புதல் பாரம் – மாதக் கடைசிக்குள் கொழும்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் என் முறை வேறு ஒருவருக்கு.

பாரத்தை எடுத்தேன். வைத்தேன்.

18, வியாழன்

செய்யக்கூடாததைச் செய்தேன். மலையிலிருந்து வந்து விழும் பீலித் தண்ணீர் ஐஸ் மாதிரி. தலையைச் சாய்த்து இடது காதுக்குள் பிடித்தேன். இப்போதே குளிருக்குப் பழக்கினால் காது கொஞ்சம் தாங்குமோ என்று ஒரு நினைப்பு. நான் படித்தவள், டீச்சர் வேறு! மலை, லயம், வானம் எல்லாம் ஒரே சுற்று. பீலிக் கல்லிலேயே வாந்தி.

அத்தை ஓடிவந்தார். உதட்டில் படித்தது: “அடிப்பாவி, காதுல குளுரு ஏறிருச்சுடி!”

படுக்கவைத்து, பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை அதே காதில் விட்டார். தடுக்கத் தெம்பில்லை.

20, சனி

காது வீங்கி அடைத்துவிட்டது. சீழ். தாங்க முடியாத வலி.

இவர் இடது பக்கம் குனிந்து பேசினார். ஒன்றும் கேட்கவில்லை. மூச்சுக் காற்று மட்டும் காதில் பட்டது. அழுதேன். வலி என்று நினைத்துக்கொண்டார். ஆபரேஷன் செய்தால் இப்படித்தான் இருக்கப்போகிறது, சாகும்வரை. வேண்டாம் என்றால் மகள் குரல் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

22, திங்கள்

பதுளை ஆஸ்பத்திரி. அத்தையும் வந்தார், குற்றவாளி மாதிரி. டொக்டர் சீழையும் எண்ணெயையும் துடைத்து எடுத்தார். நல்லகாலம், சவ்வில் ஓட்டை இல்லை. மருந்து பத்து நாள். புண் ஆறினால் ஆபரேஷனுக்குத் தடையில்லையாம்.

டொக்டர் யாழ்ப்பாணத்தவர். அத்தையிடம்: “அம்மா, காதுக்குள்ள ஒண்டும் விடாதேங்கோ.”

அத்தை: “குளுரு எறங்கத்தாங்க விட்டேன், ஐயா.”

தண்ணீர் விட்டது யார் என்று நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கம்.

24, புதன்

வெயில். காலையில் இவர் என்னவோ சொல்ல, கேட்டது! வந்துவிட்டது.

பாரம் இன்றைத் தபாலில் போயாக வேண்டும். நீட்டினேன். “நீங்களே சொல்லுங்க, என்ன செய்ய?”

இடது பக்கம் உட்கார்ந்து நீளமாகச் சொன்னார். எனக்குக் கேட்டது குரல் மட்டும். எப்போதும் அப்படித்தான், சொல் பிரியாது. கொப்பியைக் கொடுத்தேன். எழுதினார்: “எங் கொரலுக்காக காத வச்சிக்கிட்டு இருக்காத மாலா. புள்ள பேசுறது ஒனக்கு கேக்கணும்.”

கையெழுத்துப் போட்டேன். பிறகு கொப்பியை மூடிவிட்டு, “வெளங்கல, வாயால சொல்லுங்க” என்றேன். உதட்டைப் பார்க்காமல், குரலை மட்டும் கேட்கக் கண்ணை மூடிக்கொண்டேன். சொன்னார். “இன்னொரு தடவ.” இன்னும் பலமாகச் சொன்னார். ஐந்து தடவை சொல்லவைத்தேன். ஐந்து தடவையும் விளங்கவில்லை என்று பொய் சொன்னேன்.