நர்ஸின் போனில் அடித்த மணி

அன்பு அக்காவுக்கு,

உன் குண்டுத் தங்கை சுகம்தான். இரண்டு பல்தான் குறைச்சல்.

வீட்டுக்காரருக்கு நுரையீரல் புற்று முற்றிவிட்டது. இனி வலியை மட்டும் குறைக்கலாம் என்று, மார்பில் மூச்சை அளக்கும் பட்டை ஒன்றை மாட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூச்சு எகிறினால் அங்கே நர்ஸின் போனில் மணி அடிக்கும்.

நேற்றுப் பால் சுடுகிறதென்று தம்ளரால் என் வாயில் அடித்தார். ரத்தம் கொட்டியது. மறுபடி ஓங்கினார். உடனே நர்ஸ் போனில் கூப்பிட்டாள்.

"என்னக்கா, தினமும் சாப்பாட்டு நேரத்துலயே மூச்சு எகிறுது? அப்படி என்னதான் பண்றாரு?"

"மலை ஏறுறாரும்மா" என்று சிரிக்கப் பார்த்தேன், வாய் வலித்தது. "என்னைப் போட்டு அடிக்கிறாரு" என்று சொல்லிவிட்டேன்.

இன்றிலிருந்து அவருக்கு ஊட்ட ஓர் ஆண் நர்ஸ் வருகிறார்.

வழுக்கி விழுந்தேன் என்று நான் எழுதும்போதெல்லாம் வழுக்காத செருப்பு அனுப்பினாய். நாலு ஜோடி சேர்ந்துவிட்டது. இனி செருப்பு வேண்டாம், நீயே வா.

இத்தனை வருஷம் பொய் எழுதிய
உன் தங்கை