அந்த அடிக்குக் கைதட்டியவள்

நவம்பர் 14, வெள்ளி

காலையிலிருந்து தூறல். பஸ் ஸ்டாண்டு வரை போய் வந்ததற்கே செருப்பில் செங்கல் கனத்துக்குக் கரிசல் மண். சுரண்டிச் சுரண்டி விரல் நகம் போயிற்று.

புதூரிலிருந்து பேச்சி வந்தாள். மாதம் ஒரு வெள்ளி, மதியக் காட்சி. என் கணவர் இருந்தபோது மூன்று பேராகப் போவோம். அவர் போன பிறகு நானும் அவர் தங்கை பேச்சியுமாக இரண்டு பேர். வழக்கம் நிற்கவில்லை. டிக்கெட் நான், முறுக்கு அவள்.

படத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்த மரியாதை அதற்கு வேண்டாம்.

விமர்சனத்துக்குக் குறிப்பு:
– கதை நடப்பது நம் பக்கத்துக் கரிசல் காட்டில் என்று முதலிலேயே எழுத்துப் போடுகிறார்கள். திரை முழுக்கச் செம்மண்.
– கதாநாயகர் நடக்கிறார். மெதுவாக. அவர் வந்து சேர்வதற்குள் வில்லன் மனம் திருந்தி வீட்டுக்கே போயிருக்கலாம்.
– அம்மா: அழுவதற்கு மட்டும்.
– பாட்டு வெளிநாட்டுப் பனியில். அவருக்குக் கம்பளிச் சட்டை உண்டு. கதாநாயகிக்கு இல்லை.
– ஒளிப்பதிவு நன்று. இதையும் எழுத வேண்டும்.

கதாநாயகி கான்வெண்டில் படித்தவள். இந்தப் படத்தில் அது ஒரு குற்றம். கணவன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்து ஸ்பூன் கேட்கிறாள். மாமியாரின் பேச்சைத் திருத்துகிறாள். கதாநாயகர் எழுந்து வந்து அவள் கன்னத்தில் ஓர் அடி. அடுத்த காட்சியில் அவள் பட்டுச்சேலை கட்டிக் கோலம் போடுகிறாள்.

விசில் பறந்தது. அது பழகியதுதான். ஆனால் என் பக்கத்து நாற்காலியில் பேச்சி. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கைதட்டினாள், வாயெல்லாம் சிரிப்பாக.

நானும் கான்வெண்ட். அந்த வீட்டில் முதல் நாள் ஸ்பூன் கேட்டவள் நான். என் கன்னம் சுட்டது. மிகையாக எழுதவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். “எதற்குக் கை தட்டினாய்?”

“படம் பாக்க வந்தா தட்ட மாட்டாகளா, மதினி?”

“ஒரு பெண்ணை அடிப்பதற்கா?”

“அவ அடி வாங்குத மாதிரிதான பேசுதா.”

எட்டயபுரம் வழி பஸ் வந்துவிட்டது. ஏறினாள். எப்போதும் ‘வாரேன் மதினி’ என்பாள். இன்று “போறேன்” என்றாள். அவ்வளவுதான்.

நவம்பர் 15, சனி

மழை இல்லை, புழுக்கம். விமர்சனம் முடித்து வார இதழ் அலுவலகத்தில் கொடுத்தாயிற்று. ஆசிரியர் படித்துவிட்டு, “ரசிகர் மன்றத்துப் பயலுவ சண்டைக்கு வருவாங்களேம்மா” என்றார். வரட்டும் என்றேன்.

எனக்குப் பிடித்த வாக்கியம்: “கண் கலங்கினேன், தமிழ்ப் படங்களுக்கு இனி வசனம் எழுத ஆளே பிறக்க மாட்டார்களோ என்று.”

ஊர் போய்ச் சேர்ந்தால் சனிக்கிழமை காலையில் பேச்சி போன் செய்வாள். ஆடு எல்லாம் பத்திரம், மறியாடு ஒன்று குட்டி போட்டிருக்கிறது, இப்படி ஏதாவது. இன்று இல்லை. நானும் செய்யவில்லை. நான் ஏன் செய்ய வேண்டும்?

வாங்க: சீரகம், மாத்திரை (காலை மாத்திரை மட்டும்), குடைக்கு ஒரு கம்பி.

நவம்பர் 17, திங்கள்

இதழ் வந்தது. அச்சுப்பிழை இரண்டு. பக்கத்தின் மூலையில் வழக்கமான என் படம். பரீட்சைக்குக் காவல் நிற்பவள் போல இருக்கிறேன். ஆட்சேபணை இல்லை.

போன் இல்லை.

ஒரு படத்தில் எது பொய் எது மெய் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் யாருக்காகக் கை தட்டினாள் என்று தெரியவில்லை. சிறு பெண்ணாக இருந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்தவள். நான் அந்த வீட்டுக்கு வரும்போது அவளுக்கு இரட்டைச் சடை. அந்த நடிகை அடி வாங்கியதற்குத் தட்டினாளா? நான் வாங்கியதாக நினைத்தா?

நவம்பர் 18, செவ்வாய்

பால் வரவில்லை. காப்பி இல்லாமல் எழுதுவதால் கையெழுத்து இப்படி.

காலையில் பக்கத்துத் தெருப் பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி கையில் ரோஜா மாலை. கேட்டைத் திறந்தது நான். மாலைக்காரி அப்படியே பின்னால் நகர்ந்து இன்னொருத்தி காலை மிதித்துவிட்டாள்.

“அம்மா... நீங்களா?”

“வேறு யாரை எதிர்பார்த்தீர்கள்?”

ஒருத்தி மட்டும், “ஆயுசு கெட்டி” என்று முணுமுணுத்தாள். மாலைக்காரி மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் கேட்டிலேயே மாட்டிவிட்டுப் போனாள். கழற்றி உள்ளே வைத்தேன். கேட்டில் மாலை தொங்கினால் இன்னும் பத்துப் பேர் வருவார்கள்.

பிறகு போன் வந்துகொண்டே இருந்தது. எடுத்து “ஹலோ” என்றால் மறுமுனையில் வைத்துவிடுகிறார்கள். பொறுக்காமல் அணைத்து வைத்தேன். என்ன விஷயம் என்று பார்க்க ஆட்டோ பிடித்து மெயின் ரோட்டுக்குப் போனேன்.

தியேட்டர் எதிரே ஃபிளெக்ஸ். இரண்டு ஆள் உயரம். நீலமும் ஊதாவுமாக மேகம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, சுடரோடு. நடுவே, மேகத்துக்குள் நான். அந்தப் பரீட்சை முகம். கீழே கதாநாயகர் என்னைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறார். எனக்கு மேலே பெரிய எழுத்தில் இரண்டே சொல்: கண் கலங்கினேன். அடியில் ரசிகர் மன்றத்தார் பெயர்கள், வரிசையாக.

நம் ஊரில் வயதான பெண்ணின் முகம் மேகத்தோடு ஃபிளெக்ஸில் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம். ஆட்டோக்காரரே ஒரு முறை என்னையும் ஒரு முறை அதையும் பார்த்தார். எனக்கே ஒரு கணம் சந்தேகம்.

மன்றத் தலைவன் மாரிச்சாமி பக்கத்திலேயே செல்போன் கடை வைத்திருக்கிறான். என்னைக் கண்டதும் நாற்காலி போட்டான்.

“அம்மா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. பயலுவ பாசத்துல வச்சிட்டானுவ.”

“நான் திட்டி எழுதியிருக்கிறேன்.”

“திட்டுனாலும் கண்ணு கலங்குனேன்னு எழுதியிருக்கீங்கல்லா. கடேசி வர படிச்சவன் நான் ஒருத்தன்தான். மத்தவனுவ அங்கனயே நிறுத்திட்டானுவ.”

“இந்த மேகம் எதற்கு?”

“அது பிரஸ்காரன் செஞ்சது. வயசானவிய போட்டோ குடுத்தா அவன் கைல இருக்கது அந்த டிசைன் ஒண்ணுதான். அதுவும் தலைவரே உங்களக் கும்புடுத மாதிரி வச்சிருக்கோம். எந்த விமர்சகருக்கும்மா இந்தக் கொடுப்பின?”

என் முழு வாக்கியத்தையும் அச்சடிக்கச் சொன்னேன். இடம் பத்தாது என்றான். உங்கள் தலைவரின் தலையைச் சிறிதாக்கு என்றேன். அவன் முகம் போன போக்கு. என் இறப்புக்குக்கூட அவ்வளவு அதிர்ச்சி அடைந்திருக்க மாட்டான்.

“தலைவர் தலையையா?” என்று மட்டும் கேட்டான்.

நவம்பர் 19, புதன்

பால்காரர் வந்துவிட்டார். நேற்று வைக்காததற்குக் காரணம்: “யாரு குடிப்பாகன்னு நெனைச்சேம்மா.”

காப்பி கையில் இருக்கும்போது தெருமுனையில் ஒப்பாரி. யார் வீட்டிலோ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். குரல் எங்கள் வீட்டை நோக்கி வந்தது. தலைமயிர் அவிழ்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு, பேச்சி.

‘வெயிலு படாம வளந்தவளே – இந்தக்
கரிசக் காட்டுக்கு வாக்கப்பட்டவளே
பேசுனாத் திருத்துவியே – இனிப்
பெசகி நான் யார்ட்டப் பேச?’

இரண்டாம் அடி இழுவை, மெட்டுக்கு உட்காரவில்லை. கடைசி அடியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

கேட்டருகில் நான் நிற்பதைப் பார்த்ததும் பாட்டு பாதியில் அறுந்தது. கை மட்டும் மார்பில் இன்னும் இரண்டு தடவை அடித்து நின்றது.

“உசுரோடயா இருக்கீய?”

“அப்படித்தான் நினைக்கிறேன்.”

“கண்டக்டரு பாத்துட்டு வந்து சொல்லுதாரு, தியேட்டரு முன்னால ஒங்க மதினிக்குக் கண்ணீர் அஞ்சலி வச்சிருக்காகன்னு. போனப் போட்டா எடுக்கல. மொத பஸ்ஸுல ஓடி வாரேன். செத்தா செத்தேன்னு சொல்லி விடணும், இருந்தா இருக்கேன்னு சொல்லணும். ரெண்டுங் கெட்டு இதென்ன பழக்கம்?”

தெருவே வாசலில். உள்ளே வா என்றேன். மாட்டேன் என்றாள். துட்டி கேட்க, சாவு விசாரிக்க என்று கிளம்பி வந்துவிட்டாளாம். தலைக்கு ஊற்றாமல் யார் வீட்டிலும் நுழையக் கூடாதாம். கொல்லைக் குழாயடியில் தலைக்கு ஊற்றினாள். என் சேலை ஒன்றைக் கொடுத்தேன். சோறு வடித்துக் கொடுத்தேன். சாப்பிட்டாள். அழுகை நிற்கவில்லை. இருப்பவளைப் பார்த்து ஏன் அழுகிறாய் என்றால், “வந்தது வந்துட்டு, அத முடிக்க வேணாமா?” என்றாள்.

நான் வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேசவில்லை. அவளும்.

நவம்பர் 20, வியாழன்

வெயில். உளுந்துக்கு நல்லது என்றாள் பேச்சி. நாளை சாயங்கால பஸ்ஸுக்குப் போகிறாள்.

ஃபிளெக்ஸில் என் கழுத்துக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறார்களாம்: ‘அம்மா நலமுடன் உள்ளார்.’ வாக்கியம் திருத்தப்படவில்லை. படத்துக்குக் கூட்டம் ஏறிவிட்டதாம். காய் வாங்கப் போன இடத்தில் இரண்டு பேர், “நீங்க சொன்னீகன்னு போனோம், நல்ல படம்மா” என்று நன்றி சொன்னார்கள்.

மதியம் கேட்டுவிட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அன்றைக்கு யாருக்குக் கை தட்டினாய்?”

தலை நிமிரவில்லை. “ஒங்களுக்குத்தான்.”

இப்படிச் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. இல்லை என்பாள், மழுப்புவாள், அதை நான் கண்டுபிடிப்பேன் என்று இருந்தேன்.

“அந்த அடி அந்தப் புள்ள கன்னத்துல விழுந்த மாதிரியே எனக்குத் தெரியல, மதினி. ஒங்க கன்னத்துல விழுந்துச்சு. கைய அடக்க முடியல.”

“என் மேல் அத்தனை கோபமா?”

“வாயத் தொறந்தா ‘திருத்தமாப் பேசு’ம்பீய. என்னப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, அத்தன பேரு முன்னால, ‘பளம் இல்ல, பழம்’னீய. அவிய எல்லாரும் சிரிச்சாவ. நானும் சேந்து சிரிச்சேன்.”

“அப்போதே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா அதையும் திருத்துவீய.”

ஒரு கட்டுக் கீரை முடிந்தது. அடுத்ததைப் பிரித்தாள். பிறகு, “என் மனசுல அது இம்புட்டு நாளா கெடந்ததே எனக்குத் தெரியாது. அதக் காட்டுத படத்துக்கு டிக்கெட்டும் நீங்கதான எடுத்தீய” என்று சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அவள் அன்று தவறாகத்தான் சொன்னாள். நான் திருத்தியது சரி. இப்போதும் சரி என்பேன். அத்தனை பேர் இருந்தார்களா என்பது எனக்கு நினைவில்லை. அவளுக்கு ஒவ்வொரு முகமும் இருக்கிறது.

செத்துவிட்டேன் என்று கேட்டு மார்பில் அடித்துக்கொண்டு வந்தவளும் இவள்தான். இரண்டையும் ஒரே ஆளுக்குள் வைத்து எழுத எந்த வசனகர்த்தாவாலும் முடியாது. என்னாலும் முடியவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

ஒரு காட்சியில் விமர்சகருக்குச் சந்தேகம் வந்தால் மறுபடி பார்ப்பது முறை. காலையில் பேச்சியிடம் சொன்னேன். “அந்தப் படமா? திரும்பவுமா?” என்று முழித்தாள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. போனோம்.

அரங்கு நிறைந்திருந்தது. என் முகத்தைப் பார்த்து இடம் விட்டார்கள்.

அந்தக் காட்சி நெருங்கியதும் பேச்சி இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். எனக்காக எதையும் அடக்க வேண்டாம் என்று காதில் சொன்னேன். “சும்மா படத்தப் பாருங்க” என்றாள்.

ஸ்பூன். மாமியார். அவர் எழுந்து வருகிறார். அடி. விசில்.

சென்ற வாரம் நான் பார்க்காத ஒன்று: அடிபட்டதும் அந்த நடிகை ஒரு நொடி நேராக நம்மைப் பார்க்கிறாள். இயக்குநர் சொல்லியிருக்க மாட்டார். வெட்டவும் மறந்திருக்கிறார். இந்தப் படத்தில் நடிப்பு என்று இருப்பது அந்த ஒரு நொடி.

அப்போது ஒரு குரல். தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி. “ஏட்டி, திருப்பி அடி.”

தியேட்டரில் பேசுகிறவர்களை நான் மன்னித்ததே இல்லை. யாரென்று பல்லைக் கடித்துத் திரும்பினேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாய் திறந்தே இருந்தது.

விசில் நின்றுவிட்டது. பேச்சி முந்தானையிலிருந்து கையை உருவினாள். இரண்டையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினாள்.