அண்ணனின் இடது அறை, சனிக்கிழமை அளவு

செப்டம்பர் 27, சனி. மதியம் 1.10. என் போனில் வரும் இடது அறை ரத்த அளவு 104 மி.லி.

நேற்று இதே நேரம் 171. ஒரே நாளில் அண்ணனின் இதயம் இவ்வளவு சுருங்காது. இடது அறையில் ரத்தம் குறைவு என்று நம்பி, உள்ளே வைத்த பம்ப் தானாக வேகத்தைக் குறைத்திருக்கிறது. முட்டாள் பம்ப். போன சனியும் இதே கதை, ஞாயிறு சரி. சனிதோறும் பாட்டரி மாற்றுகிறோம், வோல்டேஜ்தான் காரணம். சென்சார் பொய்.

அண்ணனுக்கு போன். படுத்திருக்கிறானாம். பின்னால் பஸ் ஹாரன்.

மதுரை டாக்டருக்கு மெயில் அனுப்பினேன்: அளவை நம்ப வேண்டாம், பம்ப் வேகத்தை ஒரே இடத்தில் பூட்டிவிடுங்கள். மருத்துவ மெஷின் படிப்புப் படித்தவன் நான்தானே.

செப்டம்பர் 30, செவ்வாய். மேகம், மழை இல்லை.

டாக்டர் பதில்: திங்கள் வாருங்கள், பூட்டிவிடலாம். அண்ணன் சிரிக்கிறான். "டாக்டருக்கே பாடம் எடுத்துட்டியால?" திங்கள் பயணத்துக்குச் சட்டை இஸ்திரி. வேலையில் பாண்டேஜ் கம்பெனி மெஷின் ரிப்பேர், பாதி முடிந்தது.

அக்டோபர் 4, சனி. சாயங்காலம்.



பதினொன்றரைக்கு 86. அண்ணன் போனை எடுத்தது மதினி. ஸ்ரீவில்லிபுத்தூர் பெருமாள் மலையடிவாரத்தில் இருக்கிறார்களாம், அவனுக்குத் தலைசுற்றல். ராஜபாளையத்திலிருந்து பைக்கில் பறந்தேன். படியோரம் உட்கார்ந்திருக்கிறான், உதடு வெளுத்து, இடுப்பில் கட்டிய பம்ப் பெட்டி அலாரம் கூவுகிறது. புரட்டாசி சனி விரதமாம். ஆபரேஷன் அன்று நேர்ந்துகொண்டதாம். கும்பிடும்வரை பச்சைத் தண்ணீர் கிடையாது.

"அவியதான் சொல்ல வேண்டாம்னாவ. நீங்க கிராஃப் போட்டுக் காட்டுவீங்களாம்" என்றார் மதினி.

படுக்கவைத்து இரண்டு காலையும் தூக்கிப் பிடித்தேன். காலிலிருந்து ரத்தம் இறங்க இறங்க எண் ஏறியது. 91. 99. 112.

சென்சார் பொய் சொல்லவே இல்லை. தண்ணீர் குடிக்காமல் மூன்று சனியும் அறை உண்மையிலேயே காலி. பம்ப் வேகத்தைக் குறைத்ததால்தான் பிழைத்தான். நான் கேட்டபடி பூட்டியிருந்தால் காலி அறையின் சுவரையே உறிஞ்சியிருக்கும். நான் கேட்டபடி.

கை வலித்தும் அவன் காலை விடவில்லை. போகிற ஒரு அம்மா, "இது என்ன நேர்த்திக்கடன் தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தண்ணீர் குடித்ததும் அண்ணன் சொன்னது: "இன்னும் ஒரு சனிதாம்ல பாக்கி. முடிச்சிருதேன்."

இனி:
1. டாக்டருக்கு மறுபடி போன். இரண்டு முறை அடித்தாயிற்று, எடுக்கவில்லை. பூட்டக் கூடாது.
2. அவர் எடுக்காவிட்டால் திங்கள் மதுரைப் பயணம் ரத்து.
3. தண்ணீர் குடித்தால் விரதம் கெடாது என்று கோயில் பட்டரை விட்டே அண்ணனிடம் சொல்லவைப்பது. நான் சொன்னால் கேட்கமாட்டான்.